வினாடியை நறுக்கும் ஆட்டம்

திரைப்படங்களில் கதாநாயகன் குதிரையிலோ மோட்டார் வண்டியிலோ மின்னல் வேகத்தில் பாயும் காட்சிகளைப் பார்த்திருப்பீர்கள். பழைய படங்களில் இத்தகைய காட்சிகள் பலவற்றை எடுத்த முறை மிக எளியது. திரையில் வினாடிக்கு 24 படங்கள் ஓடும். காமிராவில் வினாடிக்கு 12 படங்கள் மட்டுமே எடுத்துக்கொண்டு, அவற்றைத் திரையில் 24 வீதம் ஓட்டினால், நிதானமாகச் சென்ற குதிரை இரு மடங்கு வேகத்தில் பறக்கும்.

ஆனால் இயற்பியல் படித்த மாணவரை இந்தத் தந்திரம் ஏமாற்ற முடியாது. அதே காட்சியில் மலைச்சரிவிலிருந்து ஒரு கல் விழுவதாக வைத்துக்கொள்ளுங்கள். உண்மையில் அந்தக் கல் 1 வினாடியில் 4.9 மீட்டர் விழுந்தது. திரையிலோ அதே தூரத்தை அரை வினாடியில் கடந்துவிடுகிறது. தூரம் என்பது முடுக்கத்தில் பாதியைக் காலத்தின் வர்க்கத்தால் பெருக்கிய தொகை அல்லவா? கணக்கிட்டுப் பாருங்கள். முடுக்கம் 9.8க்குப் பதிலாக 39.2 என்று வரும். திரையில் தெரியும் உலகில் புவியீர்ப்பு நான்கு மடங்காகிவிட்டது! கதாநாயகனின் வேகம் பொய் என்பதை விழும் கல்லே காட்டிக்கொடுத்துவிடும்.

இப்போது ஒரு கேள்வி. ஒரு செயலை மெதுவாகச் செய்து, பின்னர் வேகமாகக் காட்ட வேண்டும். ஆனால் கல் சரியான முடுக்கத்துடனேயே விழ வேண்டும். எந்தத் தடயமும் எஞ்சக் கூடாது. இது இயலுமா? நாம் வாழும் உலகில் இயலாது. ஆனால் வீடியோ ஆட்டத்தின் உலகில் இயலும். அவ்வாறு செய்யப்படும் ஆட்டத்துக்குக் 'கருவித் துணை விரைவோட்டம்' என்று பெயர். ஓர் ஆட்டத்தை இயன்ற அளவு குறைந்த நேரத்தில் முடித்துக் காட்டுவது விரைவோட்டம். அதை மெதுவாக ஓடும் ஆட்டத்தில், நிறுத்தி நிறுத்தி, திருத்தித் திருத்திப் பதிவு செய்வது கருவித் துணை விரைவோட்டம். இதன் பின்னே அருமையான இயற்பியலும் கணிதமும் உள்ளன. பார்ப்போம்.

துடிப்புகளால் ஆன உலகம்

1993ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் 'டூம்' என்ற கணிப்பொறி ஆட்டத்தை வெளியிட்டது. செவ்வாய்க் கோளின் துணைக்கோளாகிய ஃபோபாசில் ஒரு தளம். அங்கே பூதங்களின் நடுவே அகப்பட்டுக்கொண்ட ஒரு வீரன், அறை அறையாகக் கடந்து வெளியேற வேண்டும். இதுதான் தொடக்கக் கதை.

திரையில் இந்த ஆட்டம் ஆற்றொழுக்காக ஓடுவதாகத் தோன்றும். உண்மை அதுவன்று. அது வினாடிக்கு 35 துடிப்புகளாக நடக்கிறது. அக்காலக் கணிப்பொறித் திரை வினாடிக்கு 70 முறை புதுப்பிக்கப்பட்டது. அதில் சரிபாதி 35. ஒவ்வொரு துடிப்பிலும் கணிப்பொறி ஒரே வரிசையில் சில வேலைகளைச் செய்கிறது. ஆட்டக்காரர் எந்த விசைகளை அழுத்தியிருக்கிறார் என்று பார்க்கிறது. அதற்கேற்ப வீரனின் வேகத்தை மாற்றுகிறது. வீரனை நகர்த்துகிறது. பூதங்களையும் கதவுகளையும் நகர்த்துகிறது. பின்னர் அடுத்த துடிப்புக்குக் காத்திருக்கிறது.

வீரன் ஓடுவதைக் கவனியுங்கள். ஓடும் விசையை அழுத்தியிருக்கும்போது துடிப்பு ஒவ்வொன்றுக்கும் அவன் வேகத்துடன் 1.5625 அலகு கூட்டப்படுகிறது. அந்த வேகத்தில் அவன் ஒரு துடிப்பு நேரம் நகர்கிறான். பின்னர், தரையின் உராய்வுக்கு ஈடாக அவன் வேகம் 0.90625ஆல் பெருக்கப்படுகிறது. அடுத்த துடிப்பில் மீண்டும் 1.5625 கூட்டல், மீண்டும் பெருக்கல். தொடக்கத்தில் கூட்டுவது அதிகம், உராய்வால் இழப்பது குறைவு; ஆகவே வேகம் ஏறுகிறது. கூட்டுவதும் இழப்பதும் சமமானவுடன் வேகம் நிலைபெறுகிறது. அது துடிப்புக்குச் சுமார் 16.67 அலகு. மழைத்துளி காற்றின் தடையால் ஒரு நிலையில் முற்றுத் திசைவேகம் அடைகிறது என்று படித்திருக்கிறீர்களே, அதே கருத்துதான்.

இந்த விதிகளில் ஒன்றைக் கவனித்தீர்களா? 'வினாடி' என்ற சொல் எங்கும் வரவில்லை! துடிப்பு என்பது மட்டுமே வருகிறது. வினாடிக்கு 35 துடிப்பு என்பது வெளியே நாற்காலியில் அமர்ந்திருக்கும் நமக்காக வைத்த கணக்கு. இரண்டு துடிப்புகளுக்கு நடுவே கணிப்பொறி ஒரு மணி நேரம் சும்மா இருந்தாலும், ஆட்டத்தின் உள்ளே இருக்கும் வீரனுக்கோ பூதத்துக்கோ அது தெரியப் போவதில்லை. அடுத்த துடிப்பில் அதே 1.5625 கூட்டப்படும், அதே 0.90625ஆல் பெருக்கப்படும். ஆகவே ஆட்டத்தை மெதுவாக ஓட்டினால் கல்லும் மெதுவாக விழும், கதவும் மெதுவாகத் திறக்கும், பூதமும் மெதுவாகப் பாயும். ஆட்டக்காரரின் மூளையும் விரல்களும் மட்டுமே பழைய வேகத்தில் இயங்கும். திரைப்படத் தந்திரம் தோற்ற இடத்தில் இது வெல்வது இதனால்தான்.

படமன்று, கட்டளைகள்

ஒரு பாட்டைக் காப்பாற்றி வைக்க இரு வழிகள் உண்டு. பாடகர் பாடும்போது ஒலிநாடாவில் பதிவு செய்யலாம். அல்லது பாட்டின் ஸ்வரங்களைத் தாளில் எழுதி வைக்கலாம். ஒலிநாடாவை மெதுவாக ஓட்டினால் குரல் தடித்துக் கெட்டுவிடும். ஸ்வரங்களை எழுதியவர் ஒரு வரியை எழுத ஒரு நாள் எடுத்துக்கொண்டிருந்தாலும், அதை வாசிக்கும்போது பாட்டு தன் காலப்பிரமாணத்திலேயே ஒலிக்கும்.

டூம் ஆட்டத்தைப் பதிவு செய்வது இரண்டாவது வகை. ஆட்டத்தோடு சேர்ந்தே வந்த இந்த வசதிக்கு 'டெமோ' என்று பெயர். அதில் படம் எதுவும் சேமிக்கப்படுவதில்லை. ஒவ்வொரு துடிப்பிலும் ஆட்டக்காரர் தந்த கட்டளை மட்டுமே நான்கு எண்களாகக் குறிக்கப்படுகிறது. முன்னோ பின்னோ எவ்வளவு, பக்கவாட்டில் எவ்வளவு, எவ்வளவு திரும்ப வேண்டும், சுடுவது அல்லது கதவைத் திறப்பது போன்ற பொத்தான்கள் எவை என்ற நான்கே செய்திகள். எண் ஒன்றுக்கு ஒரு பைட்டு. எனவே ஒரு நிமிட ஆட்டத்துக்கு 35 × 60 × 4 = 8,400 பைட்டுகள். எந்தக் கட்டம், எவ்வளவு கடினம் முதலிய செய்திகளுக்கு முன்னால் 13 பைட்டுகள். முடிந்தது என்பதற்கு இறுதியில் ஒரு பைட்டு. அவ்வளவுதான்!

இந்தச் சிறு கோப்பைக் கொடுத்தால், கணிப்பொறி ஆட்டத்தை முதலிலிருந்து தானே நடத்தி, அதே ஓட்டத்தை அணுவளவும் பிசகாமல் திரையில் காட்டிவிடும். தொடக்க நிலை ஒன்றே, விதிகள் ஒன்றே, கட்டளைகளும் ஒன்றே என்றால் முடிவும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? ஒரு பொருளின் தொடக்க நிலையும் அதன்மேல் செயல்படும் விசைகளும் தெரிந்தால் அதன் எதிர்காலத்தை முழுமையாகக் கணிக்கலாம் என்பது நியூட்டனின் இயக்கவியல் காட்டிய வழி. உண்மை உலகில் தொடக்க நிலையை முற்றிலும் துல்லியமாக அளக்க இயலாது. ஆட்டத்தின் உலகிலோ எல்லாமே எண்கள். அங்கே அது நூற்றுக்கு நூறு உண்மை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஒரு பதிவின் நடுவே ஒரே ஒரு துடிப்பின் கட்டளையை மாற்றிவிட்டால், வீரன் ஒரு நூலிழை தள்ளி நிற்பான். கதவின் சட்டத்தில் இடித்துக்கொள்வான். அதற்குப் பின் வரும் கட்டளைகள் எல்லாம் குருடன் நடப்பது போலச் சுவரில் மோதி மோதி வீணாகும். ஆட்டத்தின் வேறு பதிப்பில் ஓட்டினாலும் இதே கதிதான். கோப்பின் முதல் பைட்டில் பதிப்பு எண்ணைக் குறித்து வைத்திருப்பது இதற்காகவே.

மெதுவாக்கினால் என்ன கிடைக்கும்?

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். உங்கள் நண்பர் ஓர் அளவுகோலைச் செங்குத்தாகப் பிடித்துக்கொள்ளட்டும். அதன் கீழ்முனையருகே உங்கள் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் திறந்து வையுங்கள். அவர் சொல்லாமல் விட்டுவிட, நீங்கள் பிடிக்க வேண்டும். சுமார் 20 சென்டிமீட்டர் நழுவிய பிறகே பலருக்கு அது பிடிபடும். 20 சென்டிமீட்டர் விழ ஆகும் நேரம் 0.2 வினாடி. கண் கண்டதை மூளை உணர்ந்து கை செயல்பட எடுத்துக்கொள்ளும் நேரம் இது.

0.2 வினாடி என்பது டூம் ஆட்டத்தில் 7 துடிப்புகள். பூதம் கையை உயர்த்துவதைக் கண்டு நீங்கள் விலகுவதற்குள் 7 துடிப்புகள் போய்விடும். ஆட்டத்தைக் கால் பங்கு வேகத்தில் ஓட்டினால், அதே 0.2 வினாடியில் 2 துடிப்புகளுக்கும் குறைவாகவே கழியும். இன்னும் மெதுவாக்கி, துடிப்பு துடிப்பாக நகர்த்தினால், எதிர்வினை நேரம் என்ற தடையே இல்லாமல் போய்விடும்.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். கட்டத்தின் இறுதியில் வெளியேறும் சுவிட்சு இருக்கிறது. 64 அலகு தூரத்திலிருந்தே அதை அழுத்தலாம். வீரன் துடிப்புக்கு 16.67 அலகு ஓடுகிறான் என்றால், அந்தத் தூரத்தை நான்கு துடிப்புக்குள் கடந்துவிடுவான். சாதாரண ஆட்டக்காரர் சுவிட்சின் அருகில் போய்த்தான் அழுத்துவார். மூன்று துடிப்பு வீணாகும். மெதுவாகப் பதிவு செய்பவரோ 64 அலகுக்குள் வந்த அந்தத் துடிப்பிலேயே அழுத்துவார்.

ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் 1997 டிசம்பரில் டூம் ஆட்டத்தின் மூல நிரலை எல்லாரும் படிக்கும்படி வெளியிட்டது. அதைத் திருத்தி, மெதுவாகப் பதிவு செய்யவும், ஒரே ஓட்டத்தைப் பல அமர்வுகளில் தொடரவும் வசதி செய்தார்கள் ஆர்வலர்கள். 1999 ஜூனில் இத்தகைய பதிவுகளுக்கென்றே ஒரு தனிச் சேகரிப்பு தோன்றியது. 'கருவித் துணை' என்ற பெயரும் அப்போதே நிலைத்தது.

வேலை நடக்கும் விதம் இது. முதல் அறையை மெதுவாக ஆடிப் பதிவு செய்வார்கள். மூலையில் திரும்பும்போது சுவரில் உரசிவிட்டதா? பதிவை அந்த மூலைக்குச் சற்று முன்வரை ஓட்டி நிறுத்தி, அங்கிருந்து மறுபடி ஆடுவார்கள். அது சரியாக அமையும்வரை பத்து முறையோ நூறு முறையோ திருத்துவார்கள். பிறகே அடுத்த அறை. முடிந்த பதிவைச் சாதாரண வேகத்தில் ஓட்டும்போது, தவறே செய்யாத, தயங்கவே செய்யாத ஒரு வீரனைத் திரையில் காண்கிறோம்.

பிதாகரஸ் ஓட்டம்

டூம் ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்த ஓர் உண்மை உங்கள் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. வீரன் முன்னோக்கி ஓடும் கட்டளையின் அளவு 50. பக்கவாட்டில் நகரும் கட்டளையின் அளவு 40. இரண்டு விசைகளையும் ஒருசேர அழுத்தினால் என்ன ஆகும்?

செங்குத்தான இரு திசையன்களின் தொகுபயன் கர்ணத்தின் நீளம். 50இன் வர்க்கம் 2,500, 40இன் வர்க்கம் 1,600, கூட்டினால் 4,100. அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 64. நேராக ஓடுவதைவிட 28 சதவீதம் அதிக வேகம்! வேறொரு விசைச் சேர்க்கையால் பக்கவாட்டு அளவையும் 50 ஆக்கலாம். அப்போது கர்ணம் 70.7, வேகம் 41 சதவீதம் கூடுகிறது. மொத்த வேகத்துக்கு வரம்பு வைக்க நிரல் எழுதியவர்கள் நினைக்கவில்லை. அதனால் டூம் உலகில் நேராக ஓடுபவனைவிடச் சாய்வாக ஓடுபவனே விரைவில் போய்ச் சேர்கிறான்.

இரண்டாவது முறையில் ஒரு சங்கடம் உண்டு. அந்த விசைச் சேர்க்கையில் திரும்பும் விசைகள் பக்கவாட்டு விசைகளாக மாறிவிடுவதால், ஓடிக்கொண்டே திரும்ப முடியாது. எந்தத் துடிப்பில் ஓட்டத்தை விட்டுத் திரும்ப வேண்டும், எதில் மீண்டும் பிடிக்க வேண்டும் என்பதைத் துடிப்பளவில் தேர்ந்துகொள்ள மெதுவான பதிவு உதவுகிறது.

பகடையின் இரகசியம்

"எல்லாம் விதிப்படி நடக்கிறது என்கிறீர்களே, ஆட்டத்தில் அதிர்ஷ்டம் என்பதே இல்லையா? துப்பாக்கிக் குண்டு ஒரு முறை அதிகமும் ஒரு முறை குறைவும் காயப்படுத்துகிறதே?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி.

டூம் ஆட்டத்தின் பகடை 256 எண்களைக் கொண்ட ஒரு நிலையான பட்டியல். 0, 8, 109, 220, 222, 241, 149 என்று அது தொடங்குகிறது. சமவாய்ப்பு எண் ஒன்று தேவைப்படும்போதெல்லாம் கணிப்பொறி பட்டியலில் அடுத்த எண்ணை எடுத்துக்கொள்கிறது. 256 எண்களும் முடிந்தால் மீண்டும் முதலிலிருந்து. பதிவு தொடங்கும்போது எப்போதும் அதே இடத்திலிருந்தே எண்ணத் தொடங்கும்.

கைத்துப்பாக்கியின் குண்டு எவ்வளவு காயப்படுத்தும் என்பதை இப்படிக் கணக்கிடுகிறார்கள். வந்த எண்ணை 3ஆல் வகுத்து, மீதியுடன் 1 கூட்டி, 5ஆல் பெருக்க வேண்டும். ஆகவே விடை 5, 10, 15 ஆகிய மூன்றில் ஒன்று. பட்டியலின் முறை 222இல் இருந்தால் மீதி 0, காயம் 5. முறை 8இல் இருந்தால் மீதி 2, காயம் 15. மிக எளிய எதிரிக்கு உயிர் வலிமை 20. எண்கள் நல்லபடி அமைந்தால் இரண்டு குண்டுகளில் வீழ்வான். மோசமாக அமைந்தால் நான்கு தேவை.

பூதங்களும் தங்கள் செயல்களுக்கு இதே பட்டியலிலிருந்தே எண்களை எடுக்கின்றன. ஆகவே வீரன் ஒரு துடிப்பு முன்னோ பின்னோ சுட்டால், அவனுக்குக் கிடைக்கும் எண் மாறக்கூடும். கருவித் துணையுடன் ஆடுபவர் இதைத்தான் பயன்படுத்துகிறார். ஒரு துடிப்பு தாமதித்துச் சுட்டுப் பார்ப்பார். சரியில்லையென்றால் திரும்பிப் போய் இரண்டு துடிப்பு தாமதிப்பார். பகடையை அவர் மாற்றுவதில்லை. எப்போது உருட்டுவது என்பதை மட்டும் தேர்ந்தெடுக்கிறார்.

எல்லா வழிகளையும் கணிப்பொறியே தேடாதா?

டூமுக்குப் பிறகு இந்தக் கலை மற்ற ஆட்டங்களுக்கும் பரவியது. பழைய ஆட்டப் பொறியைப் போலவே நடந்துகொள்ளும்படி இன்றைய கணிப்பொறியில் எழுதப்படும் நிரலுக்கு எமுலேட்டர் என்று பெயர். ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1985இல் வெளியிட்ட 'சூப்பர் மேரியோ பிரதர்ஸ்' ஓடிய பொறியின் வேலை நினைவகம் 2,048 பைட்டுகள்தாம். எமுலேட்டர் அந்தப் பொறியின் நினைவு முழுவதையும் எந்தக் கணத்திலும் படியெடுத்து வைத்துக்கொள்ளும். தவறு நேர்ந்தால் அந்தப் படியை மீண்டும் ஏற்றிவிடலாம். காலத்தில் பின்னோக்கிப் போனதற்கு இது ஒப்பு.

அப்படியானால் எல்லா வழிகளையும் கணிப்பொறியையே முயன்று பார்க்கச் சொல்லிச் சிறந்ததைத் தேர்ந்தெடுக்கலாமே? கணக்கிடுவோம். அந்தப் பொறியின் கைப்பிடியில் 8 பொத்தான்கள். ஒவ்வொன்றும் அழுத்தியோ அழுத்தாமலோ இருக்கலாம். ஆகவே ஒரு படத்துக்கு 256 வகைக் கட்டளைகள். பொறி வினாடிக்குச் சுமார் 60 படங்களை ஓட்டுகிறது. பத்தே பத்துப் படங்களுக்கு, அதாவது வினாடியில் ஆறில் ஒரு பங்குக்கு, 256ஐப் பத்து முறை பெருக்க வேண்டும். விடை 1க்குப் பின் 24 சுழிகள் போட்டதைவிடப் பெரியது. வினாடிக்கு நூறு கோடி வழிகளைச் சோதிக்கும் பொறிக்கும் அதற்கு மூன்று கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும். குருட்டுத்தனமான தேடல் பலிக்காது. ஆட்டத்தின் விதிகளைப் புரிந்துகொண்டு, எந்தச் சில வழிகள் பயன் தரும் என்று சிந்திப்பவருக்கே கணிப்பொறி உதவும். ஆய்வுக்கூடத்திலும் இதுதானே உண்மை?

இது ஏமாற்று அல்லவா?

உங்களில் பலர் இக்கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டேதான் இதுவரை படித்திருப்பீர்கள். 2003இல் 'சூப்பர் மேரியோ பிரதர்ஸ் 3' ஆட்டத்தைச் சுமார் 11 நிமிடங்களில் முடிக்கும் ஒரு படம் உலகெங்கும் பரவியது. ஜப்பானியர் ஒருவர் கருவித் துணையுடன் அமைத்த ஓட்டம் அது. அதைக் கண்டவர்களில் பலர், ஒரு மனிதர் கைகளால் நேரடியாக ஆடியது என்றே நம்பினார்கள். உண்மை தெரிந்தபோது கோபம் கொண்டார்கள்.

அந்தக் கோபத்தில் நியாயம் உண்டா? நாம் முதலில் பார்த்த குதிரையை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே விழும் கல் பொய்யைக் காட்டிக்கொடுத்தது. இங்கே அப்படிக் காட்டிக்கொடுக்கப் பதிவில் எதுவும் இல்லை. மெதுவாக ஆடியதும் விரைவாக ஆடியதும் ஒரே வகைக் கட்டளை வரிசைகள்தாம். ஆகவே செய்தவர் வாய் திறந்து சொன்னாலொழியப் பார்ப்பவருக்கு உறுதியாகத் தெரிய வழியில்லை. ஆகவேதான் கருவித் துணை ஓட்டங்களையும் கை ஓட்டங்களையும் தனித்தனிப் பட்டியலில் வைப்பது இக்கலையில் நிலைபெற்ற விதியாயிற்று. சொல்லிவிட்டுச் செய்தால் அது ஆராய்ச்சி. மறைத்துச் செய்தால்தான் ஏமாற்று.

ஆராய்ச்சி என்ற சொல்லைக் காரணத்தோடுதான் சொல்கிறேன். அமெரிக்காவின் ஆக்டிவிஷன் நிறுவனம் 1980இல் அட்டாரி 2600 பொறிக்காக 'டிராக்ஸ்டர்' என்ற ஆட்டத்தை வெளியிட்டது. பொறியின் நினைவகம் வெறும் 128 பைட்டுகள். ஓட்டுநர் கியர்களை மாற்றி, வண்டியை எல்லைக்கோட்டுக்குச் செலுத்த வேண்டும். சில வினாடிகளில் பந்தயம் முடிந்துவிடும். 1982இல் ஓர் ஆட்டக்காரர் அதை 5.51 வினாடியில் முடித்ததாக ஏற்கப்பட்டது. பல ஆண்டுகள் ஒருவராலும் அதை எட்ட முடியவில்லை. 2017இல் ஆட்டத்தின் நிரலைப் பிரித்து ஆராய்ந்தவர்கள், அதன் விதிகளின்படி அடையக்கூடிய மிகக் குறைந்த நேரம் 5.57 வினாடி என்று காட்டினார்கள். கருவித் துணையுடன் அமைத்த ஓட்டமும் 5.57லேயே நின்றது. 2018 ஜனவரியில், ஆட்டச் சாதனைகளைப் பதிவு செய்யும் ட்வின் கேலக்ஸீஸ் அமைப்பு அந்தச் சாதனையை நீக்கியது.

0.06 வினாடி என்பது கண் இமைக்கும் நேரத்திலும் குறைவு. ஆனால் அந்த இடைவெளிக்காக எத்தனை இளைஞர்கள் எத்தனை ஆண்டுகள் விரல் தேய முயன்றிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்! இயலாத ஒன்றை எட்டவில்லையே என்று தங்கள் திறமையையே ஐயுற்றிருப்பார்கள். இயலும் என்பதன் எல்லை எது என்று காட்டியதுதான் இந்தக் கலை செய்த தொண்டு.

எல்லை தெரிந்தால் முயற்சி குன்றிவிடும் என்று அஞ்ச வேண்டாம். நடந்தது நேர்மாறு. 'சூப்பர் மேரியோ பிரதர்ஸ்' ஆட்டத்தில் கருவித் துணை ஓட்டங்கள் காட்டிய நுணுக்கங்கள் பலவற்றை மனிதர்கள் ஆண்டுக்கணக்கில் பழகித் தங்கள் விரல்களுக்குக் கொண்டுவந்தார்கள். ஏறத்தாழ 4 நிமிடம் 54 வினாடி ஓடும் அந்த ஆட்டத்தில், மனிதரின் சிறந்த நேரத்துக்கும் கருவி ஓட்டத்துக்கும் உள்ள வேறுபாடு 2023இல் அரை வினாடிக்கும் குறைவாகிவிட்டது. டூம் ஆட்டத்தின் முதல் கட்டத்தையும் மனிதர்கள் 9 வினாடிக்குள் முடித்திருக்கிறார்கள். அதாவது 315 துடிப்புகளுக்குள்.

எமுலேட்டரில் அமைத்த ஓட்டம் உண்மைப் பொறியில் நடக்குமா என்ற ஐயத்துக்கும் விடை கிடைத்துவிட்டது. 2014 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த விரைவோட்ட விழா ஒன்றில், மனிதக் கைகளுக்குப் பதிலாக ஒரு மின்கருவி, உண்மையான நின்டெண்டோ பொறியின் கைப்பிடித் துளைகள் வழியே 'சூப்பர் மேரியோ வேர்ல்டு' ஆட்டத்துக்குக் கட்டளைகளைச் செலுத்தியது. ஆட்டத்தின் ஒரு பிழையைப் பயன்படுத்தி, அந்தக் கட்டளைகளே நினைவகத்தில் புதிய நிரலாக அமைந்தன. மேரியோ ஆட்டத்துக்குள்ளேயே வேறு இரு சிறு ஆட்டங்கள் ஓடத் தொடங்கின! பொத்தானை அழுத்துவதாலேயே ஒரு பொறியின் நிரலை மாற்றிவிடலாம் என்பது, வங்கிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் கணிப்பொறி நிரல் எழுதுவோர் மறக்கக் கூடாத பாடம்.

நீங்களே செய்து பாருங்கள்

இதற்குக் கணிப்பொறி வேண்டியதில்லை. கட்டம் போட்ட தாளும் பென்சிலும் போதும்.

ஒரு வரிசையில் 0 முதல் 20 வரை கட்டங்களுக்கு எண் இடுங்கள். வண்டி 0இல் நிற்கிறது. அதன் வேகம் 0. ஒவ்வொரு துடிப்பிலும் நீங்கள் மூன்று கட்டளைகளில் ஒன்றைத் தரலாம். வேகத்தை 1 கூட்டலாம், 1 குறைக்கலாம், அப்படியே விடலாம். பின்னர் வண்டி அந்த வேகத்தின் அளவுக்குக் கட்டங்கள் நகரும். 20ஆம் கட்டத்தில் வேகம் சரியாக 0 ஆகி நிற்க வேண்டும். எத்தனை துடிப்புகளில் முடிக்கலாம்?

முதலில் யோசிக்காமல் விரைவாக ஆடிப் பாருங்கள். 1, 2, 3, 4, 5 என்று வேகத்தை ஏற்றினால் ஐந்தே துடிப்பில் 15ஆம் கட்டம் வந்துவிடும். பிறகு 4, 3 என்று குறைத்தும் 22க்குப் போய், எல்லையைத் தாண்டிவிடுவீர்கள். இப்போது திரும்பிப் போங்கள். நான்காம் துடிப்பிலிருந்து மறுபடி ஆடுங்கள். 1, 2, 3, 4, 4, 3, 2, 1, 0. கூட்டிப் பாருங்கள், சரியாக 20. ஒன்பது துடிப்புகள். நீங்கள் செய்தது கருவித் துணை விரைவோட்டமேதான்!

அடுத்த நாள் உங்கள் நண்பர் ஒருவர் வந்து, "நான் எட்டே துடிப்பில் முடித்துவிட்டேன், தாள் தொலைந்துபோயிற்று" என்கிறார். நம்பலாமா? கணக்கிடுங்கள். முதல் துடிப்பில் வேகம் 1ஐ மிஞ்ச முடியாது. இரண்டாவதில் 2ஐ, மூன்றாவதில் 3ஐ, நான்காவதில் 4ஐ மிஞ்ச முடியாது. கடைசியிலிருந்து பாருங்கள். எட்டாவதில் வேகம் 0. ஆகவே ஏழாவதில் 1க்கு மேல் இருக்க முடியாது. ஆறாவதில் 2, ஐந்தாவதில் 3. எல்லாவற்றையும் கூட்டினால் 1 + 2 + 3 + 4 + 3 + 2 + 1 + 0 = 16. எட்டுத் துடிப்பில் 16 கட்டங்களுக்கு மேல் எவராலும் போக முடியாது. நண்பரோடு சண்டை போட வேண்டியதில்லை. தொலைந்த தாளையும் தேட வேண்டியதில்லை. டிராக்ஸ்டர் ஆட்டத்தில் நடந்ததும் இதுவே; அங்கே விதிகள் இன்னும் சிக்கலானவை, அவ்வளவுதான்.

இனி உங்கள் முறை. எல்லையை 30ஆம் கட்டத்துக்குத் தள்ளி வையுங்கள். மிகக் குறைந்த துடிப்புகள் எத்தனை என்று கண்டுபிடியுங்கள். அதைவிடக் குறைவாக முடியாது என்பதையும் நிறுவுங்கள். வகுப்பில் விடையைச் சொல்லும்போது எண்ணை மட்டும் சொல்லி அமர்ந்துவிடாதீர்கள். கட்டளை வரிசையையும் நிரூபணத்தையும் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள்.